பிரிஸ்பேன் லயன்ஸ் எடுத்த ஆட்கள் தேறினார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017-ல் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்து லீகான ஏஎஃப்எல்லின் பட்டியலில் அடியில் கிடந்த கிளப் பிரிஸ்பேன் லயன்ஸ். 2024-லும் 2025-லும் அடுத்தடுத்து இரண்டு கோப்பைகளைத் தூக்கியது அதே கிளப்தான். நடுவில் என்ன நடந்தது என்றால் "நல்ல ஆளாப் பார்த்து எடுத்தாங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மை. வேலை இடத்திலும், பிள்ளைகளைப் பயிற்சிக்கு விடப்போகும் மைதானத்திலும், பிரிஸ்பேனுக்குப் புதிதாக வந்த நண்பர்கள் வீட்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

ஃபுட்டியே எனக்குப் புதிது. ஒரு கிளப்புக்கு ஆட்கள் எப்படி வருகிறார்கள்?

ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்தைத்தான் இங்கே சுருக்கமாக ஃபுட்டி என்கிறார்கள். ஆள் வர முக்கியமாக மூன்று வழி. முதல் வழி டிராஃப்ட். நவம்பரில் நடக்கும். பள்ளி முடிக்கும் வயதுப் பையன்களைக் கிளப்புகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அந்த ஆண்டு கடைசியாக வந்த கிளப்புக்கு முதல் வாய்ப்பு. இந்த வாய்ப்பைத்தான் பிக் என்கிறோம். இரண்டாவது வழி டிரேட். அக்டோபரில் சில நாட்கள் மட்டும் திறந்திருக்கும். ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி வாங்க முடியாது. ஒரு ஆள் வேண்டுமென்றால் ஈடாக இன்னொரு ஆளையோ பிக்கையோ கொடுக்க வேண்டும். மூன்றாவது, 2012-ல் வந்த ஃப்ரீ ஏஜென்சி. ஒரே கிளப்பில் எட்டு ஆண்டு இருந்தவர், ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய இடத்துக்குப் போகலாம். அவரை எடுக்கும் கிளப் பிக் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

எல்லாக் கிளப்புக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு. அதனால் ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். ஆள் எடுப்பது இங்கே இவ்வளவு நுணுக்கமான வேலையாக இருப்பது அதனால்தான்.

ஒரு ஆளை எடுத்தது சரியா தப்பா என்று எப்போது சொல்லலாம்?

மூன்று சீசனாவது போகட்டும் என்பது என் கட்சி. டிரேட் முடிந்த மறுநாளே எல்லாரும் மதிப்பெண் போடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அன்றைக்குத் தெரிவது விலை மட்டும்தான்.

விலை முக்கியம்தான். அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது, வந்த ஆளால் பக்கத்தில் நிற்கிறவர் தேறினாரா என்பதை. ஃபுட்டியில் ஒரு அணிக்குக் களத்தில் 18 பேர். நட்சத்திரம் ஒருவர் வந்து மற்ற 17 பேரும் அப்படியே இருந்தால் கோப்பை வராது. இன்னொன்றும் உண்டு. அந்த ஆள் வந்த பிறகு, ஏற்கெனவே இருந்த நல்ல ஆட்கள் கிளப்பை விட்டுப் போகாமல் நின்றார்களா? பிரிஸ்பேனைப் பொறுத்தவரை எல்லாக் கணக்கும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் போய் முடிகிறது.

அப்படியென்றால் முன்பு ஆட்கள் நிற்கவில்லையா?

நிற்கவே இல்லை. 2013 முடிவில் ஒரே டிரேட் காலத்தில் ஐந்து இளைஞர்கள் போனார்கள். சாம் டோகர்ட்டி, எலியட் யோ, ஜாரெட் போலெக், பில்லி லாங்கர், பேட்ரிக் கார்னெஸிஸ். எல்லாரும் டிராஃப்டில் எடுத்து, சோறு போட்டு வளர்த்த பிள்ளைகள். ஊருக்குப் போகிறோம், வேறு கிளப்புக்குப் போகிறோம் என்று கிளம்பினார்கள். டோகர்ட்டி பிறகு கார்ல்டன் அணிக்கு இணைத் தலைவரானார். யோ 2018-ல் வெஸ்ட் கோஸ்ட்டுடன் கோப்பை வென்றார். ஆகவே ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியாத கிளப் அல்ல அது. கண்டுபிடித்த ஆளை வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை.

இதற்கு ஊரும் ஒரு காரணம். குயின்ஸ்லாந்து ரக்பி லீக் மண். ஃபுட்டிப் பையன்களில் பெரும்பாலானோர் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். 18 வயதில் வீட்டை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து, தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் ஆட வேண்டும். தெருவில் போனால் யாருக்கும் அடையாளம் தெரியாது. அம்மா சமையல் நினைவுக்கு வரத்தானே செய்யும்?

அதற்கும் முன்பே ஒரு பாடம் இருந்தது. 2009 முடிவில் கார்ல்டனிலிருந்து பிரெண்டன் ஃபெவோலாவை எடுத்தார்கள். அந்த ஆண்டு லீகிலேயே அதிக கோல் அடித்தவர் அவர். அவருக்காக லாக்லன் ஹெண்டர்சன் என்ற இளைஞரையும் 12-வது பிக்கையும் கொடுத்தார்கள். அந்தப் பேரங்களுக்கு நடுவே, பல ஆண்டுகளாக கிளப்புக்கு கோல் அடித்துத் தந்த டேனியல் பிராட்ஷாவின் பெயரும் டிரேட் பேச்சில் அடிபட்டது. அவர் மனம் புண்பட்டு சிட்னிக்குப் போய்விட்டார். ஃபெவோலா 2010-ல் 17 ஆட்டம் ஆடினார். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே கிளப்பிலிருந்து விலக்கப்பட்டார். வந்தவரும் நிற்கவில்லை, இருந்தவரும் போய்விட்டார். ஒரு ஆளைக் கொண்டுவர இன்னொரு ஆளின் மனதை உடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மாற்றம் எங்கே தொடங்கியது?

2016 முடிவில். கிரிஸ் ஃபேகன் பயிற்சியாளராக வந்தார். டாஸ்மேனியாக்காரர். ஏஎஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை, ஆசிரியராக வேலை பார்த்தவர். ஹாதார்ன் கிளப்பில் பல ஆண்டு பின்னணியில் உழைத்துவிட்டு, 55 வயதில்தான் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

அந்த நவம்பர் டிராஃப்டைப் பாருங்கள். 3-வது பிக்கில் ஹியூ மெக்லக்கெஜ், 17-வது பிக்கில் ஜேரட் பெரி, 24-வது பிக்கில் செட்ரிக் காக்ஸ். மூன்று பேரும் நார்த் பாலரட் ரெபல்ஸ் என்ற ஒரே இளையோர் அணியில் ஆடியவர்கள். தனியாக ஒரு பையன் பெட்டியோடு விமான நிலையத்தில் இறங்குவதும், தெரிந்த முகத்தோடு சேர்ந்து இறங்குவதும் ஒன்றா? காக்ஸ் நிலைக்கவில்லை. மற்ற இருவரும் பத்தாவது ஆண்டை நெருங்கும்போதும் இங்கேதான் இருக்கிறார்கள், ஆளுக்கு இரண்டு கோப்பைப் பதக்கத்தோடு. பெரியின் தம்பி டாமையும் 2018-ல் எடுத்தார்கள்.

2017-ல் முதல் பிக்கில் கேம் ரேனர், 15-ல் ஸாக் பெய்லி, 18-ல் பிராண்டன் ஸ்டார்செவிச். விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா என்று ஊருக்கு ஒருவர். பழைய காலமாக இருந்தால் மூன்றே ஆண்டில் மூவரும் கிளம்பியிருப்பார்கள். கிளம்பவில்லை. ரேனர் முதல் பிக் என்பதால் "இவ்வளவுதானா?" என்று நெடுநாள் கேட்டார்கள். 2021 சீசனை முழங்கால் காயத்தில் முழுசாக இழந்தார். அப்போதும் கிளப் அவரை அவசரப்படுத்தவில்லை.

லாக்கி நீலுக்குக் கொடுத்த விலை சரிதானா?

இதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன்.

2018 அக்டோபர். பிரிஸ்பேன் அந்த சீசனில் ஐந்தே ஆட்டம் வென்றிருந்தது. ஃப்ரீமாண்டலிலிருந்து நீலும் 30-வது பிக்கும் வர, 6, 19, 55 ஆகிய பிக்குகள் போயின. அடியில் இருக்கும் அணி 6-வது பிக்கைக் கொடுத்து 25 வயது ஆளை வாங்குவதா, இளைஞர்களை எடுத்து வளர்க்க வேண்டாமா என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இளைஞர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. மெக்லக்கெஜ், பெரி, ரேனர், பெய்லி எல்லாரும் கையில் இருந்தார்கள். நடுக்களத்தில் அவர்களுக்கு வழி காட்ட ஒருவர்தான் குறைவு. அதே மாதத்தில் அணித் தலைவராக இருந்த டேன் பீம்ஸ் கோலிங்வுட்டுக்குத் திரும்பினார். அந்த இடமும் காலியானது.

நீல் 2011 டிராஃப்டில் 58-வது பிக். உயரம் 177 செ.மீ.தான், இந்த ஆட்டத்துக்குக் குள்ளம். அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தால் பாதிதான் தெரியும். லயன்ஸின் சொந்த மைதானமான கப்பாவில் கீழ் வரிசையில் உட்கார்ந்து பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். நடுவர் பந்தை மேலே எறிகிறார், அதைத் தட்டிவிட ஆளுக்கு ஒரு அணியின் உயரமான ரக் ஆட்கள் இருவர் தாவுகிறார்கள், எல்லார் தலையும் மேலே போகிறது. நீல் மட்டும் முழங்கால் மடித்து, அரை அடி பின்னால் நகர்ந்து, தன் ரக்கின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பந்து விழும்போது அவர் ஏற்கெனவே அங்கே இருப்பார். இரண்டு பேர் மேலே விழுந்தாலும் ஒரு கை மட்டும் வெளியே வந்து, ஓடிவரும் பெரிக்கோ மெக்லக்கெஜுக்கோ பந்தைத் தட்டிவிடும். ஓடுகிறவருக்கு முன்னால் திறந்த வெளி. டிவியில் நாம் பார்ப்பது அந்த ஓட்டத்தை மட்டும்தான்.

வந்த முதல் ஆண்டே கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2020-லும் 2023-லும் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கம். 2018-ல் 15-வது இடத்தில் இருந்த அணி 2019-ல் இரண்டாவது இடத்துக்கு வந்தது. அதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெக்லக்கெஜும் பெரியும் தங்கள் வேலையைத் தெளிவாகச் செய்யத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். விலை சரியா என்றால், இரண்டு மடங்கு கொடுத்திருந்தாலும் சரி என்பேன்.

சார்லி கேமரனுக்கு 12-வது பிக் கொடுத்தது?

2017 முடிவில் அடிலெய்டிலிருந்து வந்தார். அடிலெய்டு அந்த 12-வது பிக்கில் டார்சி ஃபோகர்ட்டியை எடுத்தது. அவரும் நன்றாக வந்தார். இரண்டு பக்கமும் திருப்தியாகப் போன டிரேட் என்பது அபூர்வம், இது அப்படி ஒன்று.

கேமரன் பிறந்தது குயின்ஸ்லாந்தின் மவுண்ட் ஐஸாவில். சிறுவயதில் கொஞ்ச காலம் வடக்கே கார்பென்டேரியா வளைகுடாவில் இருக்கும் மார்னிங்டன் தீவில் வளர்ந்தவர். குடும்பத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்று கேட்டு வந்தார். ஊர் நினைவால் ஆட்களை இழந்துகொண்டிருந்த கிளப்புக்கு, அதே ஊர் நினைவால் ஒருவர் வந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும். 2025 இறுதிப் போட்டியில் நான்கு கோல் அடித்தார். எட்டாவது சீசனிலும் கப்பாவில் பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லித்தான் கத்துகிறார்கள்.

ஜோ டேனிஹர் நான்கே ஆண்டில் ஓய்வு பெற்றுவிட்டாரே, அது நஷ்டமில்லையா?

இல்லை. 2020 முடிவில் எசென்டனிலிருந்து ஃப்ரீ ஏஜென்டாக வந்தார். பிரிஸ்பேன் ஒரு பிக்கும் கொடுக்கவில்லை. அதற்கு முன் மூன்று ஆண்டு தொடை இடுக்குக் காயத்தால் அவர் அதிகம் ஆடவே இல்லை. அதனால் ஆபத்து இருந்தது. கிளப் அதைச் சம்பளத்தில் மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. அவர் நான்கு ஆண்டும் முன்வரிசைக்கு முதுகெலும்பாக நின்றார். 2024 கோப்பையை வென்ற கையோடு, ஒப்பந்தம் மிச்சம் இருக்கும்போதே, 30 வயதில் போதும் என்று சொல்லிவிட்டார். அவர் இல்லாமல் அடுத்த ஆண்டும் கோப்பை வந்ததற்குக் காரணம் 2023 டிராஃப்டில் 31-வது பிக்கில் எடுத்த லோகன் மாரிஸ். டேனிஹர் பக்கத்தில் ஒரு சீசன் ஆடிப் பழகியவர் அந்தப் பையன்.

எடுத்ததில் தவறிப்போனவர்கள் யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்துக்கு அர்த்தமில்லை.

ஜாக் கன்ஸ்டன் 2022 முடிவில் ஹாதார்னிலிருந்து வந்தார். ஒரே சீசன் இருந்துவிட்டு ஹாதார்னுக்கே திரும்பினார். அங்கே 2025-ல், அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு பெயரளவில் அமைக்கும் ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இடம் பிடித்தார். ஆள் மேல் குறை இல்லை என்று அதிலேயே தெரிகிறது. டேனிஹர், எரிக் ஹிப்வுட், கேமரன் எல்லாரும் இருந்த முன்வரிசையில் அவருக்கென்று ஒரு இடம் தெளிவாக இல்லை.

டாம் டூடீ 2023 முடிவில் அடிலெய்டிலிருந்து ஃப்ரீ ஏஜென்டாக வந்தார். வரும்போதே முழங்கால் தசைநார் கிழிந்து குணமாகிக்கொண்டிருந்தவர். 2024-ல் மறுபடியும் கிழிந்தது. இதைத் தப்பான தேர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழங்கால் காயம் யாருக்கும் வரலாம். ஆனால் ஏற்கெனவே அடிபட்ட காலுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுப்பது துணிச்சல்தான். இந்த முறை துணிச்சல் பலிக்கவில்லை.

அதற்கும் முன்னால் ஜாஷ் ஷாகி. 2015-ல் 2-வது பிக். இரண்டு ஆண்டில் விக்டோரியாவுக்குப் போனார். பழைய நோயின் கடைசி அத்தியாயம் அது.

ஆஷ்கிராஃப்ட் சகோதரர்கள் கிட்டத்தட்ட இலவசமாக வந்தார்களாமே? இது எப்படி நியாயம்?

ஃபாதர்-சன் விதி என்று ஒன்று உண்டு. அப்பா ஒரு கிளப்புக்காக 100 ஆட்டம் ஆடியிருந்தால், மகனை எடுக்க அந்தக் கிளப்புக்கு முன்னுரிமை. மார்கஸ் ஆஷ்கிராஃப்ட் பிரிஸ்பேனுக்காக 318 ஆட்டம் ஆடியவர். 2001, 2002, 2003 என்று மூன்று கோப்பை அணிகளிலும் இருந்தவர். அவர் மகன் வில் 2022-ல் வந்தார், லீவை என்ற அடுத்த மகன் 2024-ல் வந்தார்.

இலவசம் அல்ல. விலை உண்டு, ஆனால் சில்லறையாகக் கொடுக்கலாம். அதுதான் சிக்கல். ஒவ்வொரு பிக்குக்கும் லீக் புள்ளி வைத்திருக்கிறது. அப்போதைய அட்டவணையில் முதல் பிக்குக்கு 3000, இரண்டாவதற்கு 2517. இன்னொரு கிளப் 2-வது பிக்கில் வில்லைக் கேட்டது. பிரிஸ்பேன் அந்த 2517-ஐ ஈடுகட்ட வேண்டும். அதில் 20 சதவீதத் தள்ளுபடி. ஆகவே 2014 புள்ளி இருந்தால் போதும். இப்போது 34, 35, 36, 37-வது பிக்குகளைக் கூட்டிப் பாருங்கள்: 542, 522, 502, 483. மொத்தம் 2049. நிலைக்குமா நிலைக்காதா என்று தெரியாத நான்கு இரண்டாம் சுற்றுப் பையன்களின் விலைக்கு அந்த ஆண்டின் மிகச் சிறந்த இளைஞர்களில் ஒருவர் கிடைத்துவிடுவார். பிரிஸ்பேன் மாதக்கணக்கில் திட்டமிட்டு, மேல் பிக்குகளைக் கொடுத்துக் கீழ் பிக்குகளாக மாற்றிச் சேர்த்தது. அதே டிராஃப்டில் இன்னொரு பழைய வீரர் ஏட்ரியன் ஃப்ளெட்சரின் மகன் ஜாஸ்பாவும் 12-வது பிக்கில் வந்தார்.

வில் 2023-ல் முழங்கால் கிழிந்து இறுதிப் போட்டியைத் தவறவிட்டார். அந்த ஆட்டத்தில் பிரிஸ்பேன் கோலிங்வுட்டிடம் நான்கே புள்ளியில் தோற்றது. 2024-ல் பாதி சீசனில் திரும்பி வந்து, இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை வாங்கினார். 2025-லும் அவருக்கே.

சரி, நியாயமா? நான் லயன்ஸ் ரசிகன். இருந்தாலும் சொல்கிறேன்: தள்ளுபடி அதிகமாகத்தான் இருந்தது. மற்ற ரசிகர்களின் கோபத்தில் தப்பில்லை. 2025 முதல் லீக் தள்ளுபடியை 10 சதவீதமாகக் குறைத்து, கீழ் பிக்குகளின் புள்ளியையும் வெட்டியது. அது சரியான முடிவு. ஆனால் "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மகன் அப்பாவின் கிளப்புக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஆஷ்கிராஃப்ட் பையன்கள் டிராஃப்டுக்கு முன் விக்டோரியாவில் ஆடிக்கொண்டிருந்தார்கள், அங்கேயே இருந்திருக்கலாம். பிரிஸ்பேன் 2017-ல் இருந்த மாதிரியே இருந்திருந்தால் வில் வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அகாடமி என்பதும் இதே சலுகைதானே?

கிட்டத்தட்ட. வடக்கு மாநிலக் கிளப்புகள் தங்கள் பகுதிப் பையன்களுக்குப் பயிற்சி தந்து முன்னுரிமையில் எடுத்துக்கொள்ளலாம். இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். குயின்ஸ்லாந்துப் பையன் ரக்பிக்குப் போகாமல் ஃபுட்டிக்கு வர யாராவது உழைக்கத்தான் வேண்டும். ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் 2014-ல் 61-வது பிக். இரண்டு கோப்பைகளையும் தூக்கிய இணைத் தலைவர்களில் ஒருவர் அவர். ஹிப்வுட்டும் கெய்டியன் கோல்மனும்கூட அகாடமிப் பிள்ளைகளே.

பெரிய பெயர்களை விடுங்கள். யாரும் கண்டுகொள்ளாத ஆட்களில் யார் தேறினார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்க வேண்டும்.

ஆஸ்கர் மெக்கினெர்னி, 204 செ.மீ. உயரம். வழக்கமான டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, அதில் மிஞ்சியவர்களுக்கான ரூக்கி டிராஃப்டில் வந்தார். அணியின் முதல் ரக் ஆனார். ஜாரிட் லயன்ஸ் என்ற ஆட்டக்காரரை 2018 முடிவில் கோல்ட் கோஸ்ட் பட்டியலிலிருந்தே நீக்கியது. எதையும் கொடுக்காமல் அவரை எடுத்து, நீல் பக்கத்தில் நிறுத்தினார்கள், பல ஆண்டு உழைத்தார். லிங்கன் மெக்கார்த்தி ஜீலாங்கில் காயங்களாலேயே காலம் கழித்தவர். இங்கே வந்து நிரந்தர ஆளானார். கேலம் ஆ சீ 2019 முடிவில் கோல்ட் கோஸ்ட்டிலிருந்து வந்தார். 2024 இறுதிப் போட்டியில் நான்கு கோல்.

டார்சி ஃபோர்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 முடிவில் ஜீலாங்கிலிருந்து வந்த மாற்று ரக். மாற்று ரக் என்றால் வாராவாரம் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டு, முதல் ஆளுக்கு ஏதாவது ஆனால் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் வேலை. 2024-ல் இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டத்தில் மெக்கினெர்னியின் தோள் கழன்றது. ஒரு வாரத்தில் ஃபோர்ட், ஒரு லட்சம் பேர் முன்னால் எம்சிஜியில், இறுதிப் போட்டியின் முதல் பந்துக்குத் தாவினார். பிரிஸ்பேன் சிட்னியை 120-க்கு 60 என்று வென்றது. மூன்று ஆண்டு அந்த ஆளைத் தக்கவைத்திருந்தது அந்த ஒரு மதியத்துக்காகவே என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

ஜாஷ் டங்க்லி?

2022 முடிவில் வெஸ்டர்ன் புல்டாக்ஸிலிருந்து. விலை கொஞ்சம் அதிகம், அடுத்த ஆண்டின் முதல் சுற்று பிக்கும் போனது. எதிரணியின் சிறந்த நடுக்கள ஆளைக் கட்டிப்போடுவார், தானும் பந்தை எடுப்பார். அவர் வந்த முதல் மூன்று சீசனும் அணி இறுதிப் போட்டிக்குப் போனது. மேலே சொல்ல எதுவும் இல்லை.

2025 முடிவில் ஆஸ்கர் ஆலனையும் சாம் டிரேப்பரையும் எடுத்தார்களே, எப்படி?

மூன்று சீசன் போகட்டும் என்று மேலே சொன்னவன், இங்கே மட்டும் மாற்றிப் பேச முடியாது. இருவரும் ஃப்ரீ ஏஜென்டுகள், பிக் எதுவும் போகவில்லை. ஆலன் வெஸ்ட் கோஸ்ட்டின் இணைத் தலைவராக இருந்த உயரமான ஃபார்வர்டு. 2023-ல், அணி தோற்றுக்கொண்டே இருந்த சீசனில், 53 கோல் அடித்தவர். நல்ல பந்து வந்து சேரும் அணியில் என்ன செய்வார் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன். டிரேப்பர் எசென்டனின் ரக், அந்த ஆண்டுதான் குதிகால் தசைநார் கிழிந்தவர். டூடீயை நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. மெக்கினெர்னி ஓய்வு பெற்ற இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது என்பதும் உண்மை.

அதே சமயம் ஆ சீ அடிலெய்டுக்கும் ஸ்டார்செவிச் தன் சொந்த மாநிலமான மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். இதை 2013-உடன் ஒப்பிடாதீர்கள். அவர்கள் வேலையை முடித்து, இரண்டு கோப்பையோடு போனவர்கள். ஆ சீ போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த மாதிரி ஆளுக்குப் பட்டியலில் பெயர் போட்டு மாற்று தேட முடியாது.

ஆட்கள் நிற்பதற்கு ஆட்டம் மட்டும்தான் காரணமா?

இடமும் காரணம். கப்பாவில் கிரிக்கெட்டோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு, பயிற்சிக்கு அங்கும் இங்கும் அலைந்த கிளப் அது. 2022-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் சொந்தப் பயிற்சி மைதானம் வந்தது. வேறு மாநிலத்திலிருந்து ஒரு பையனும் அவன் பெற்றோரும் வந்து பார்க்கும்போது காட்டுவதற்கு ஒரு வீடு இருக்கிறது இப்போது.

ஒரே ஒரு ஆளைத்தான் சொல்லலாம் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

எல்லாரும் நீலை எதிர்பார்ப்பார்கள். நான் லூக் ஹாட்ஜ் என்பேன்.

2017-ல் ஹாதார்னில் ஓய்வு அறிவித்துவிட்டார். நான்கு கோப்பை வென்றவர், 33 வயது. ஃபேகன் அவரை ஹாதார்னிலிருந்தே அறிந்தவர், வாருங்கள் என்று கேட்டார். ஓய்வை விட்டுவிட்டு வந்தார். கிளப் கொடுத்த விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆடியது இரண்டு சீசன், 41 ஆட்டம். பிரிஸ்பேனுக்காக அவர் கோப்பை எதுவும் வெல்லவில்லை.

2018-ல் ஒரு தோல்வி ஆட்டத்தில் நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்தேன். எதிரணி பிஹைண்ட் போட்டது, அதாவது கோல் தவறி ஒரே புள்ளி. பந்து நம் பக்கம். ஹாட்ஜ் ஓடவே இல்லை. நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி, ஒவ்வொரு இளைஞனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ அங்கே, நீ இரண்டு அடி உள்ளே என்று நிறுத்தினார். ஆண்ட்ரூஸுக்கு அப்போது 21 வயது. அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்த சில வினாடியில் பந்து ஹாட்ஜ் காட்டிய இடத்தில்தான் வந்து விழுந்தது, ஆண்ட்ரூஸ் கையில்.

2019 செப்டம்பரில் கப்பாவில் ஜிடபிள்யூஎஸ் அணியிடம் மூன்று புள்ளியில் தோற்று அந்த சீசன் முடிந்தது. ஹாட்ஜின் கடைசி ஆட்டம் அது. இப்போது 2025 இறுதிப் போட்டியைப் போட்டுப் பாருங்கள், ஜீலாங்குக்கு எதிராக. பாதி ஆட்டத்தில் இரண்டு அணியும் சமநிலை. கெண்டைக்கால் காயத்திலிருந்து வந்த நீல் மாற்று வீரராக வெளியே உட்கார்ந்துதான் ஆட்டத்தைத் தொடங்கினார். பின்வரிசையில் ஒருவர் நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டிருப்பார். அது ஆண்ட்ரூஸ்.